கம்பத்துப் பன்னீர் திராட்சை

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் விதையுள்ள கருந்திராட்சைக்குப் பன்னீர் திராட்சை என்று பெயர். பழம் வாயில் உடைந்ததும் சாற்றோடு சேர்ந்து ரோஜா மணம் எழும். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விளையும் திராட்சையில் பெரும்பங்கு இந்த ஒரே இரகம்தான். 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்ற பெயரில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகத் திராட்சைப் பட்டியல்களில் இது மஸ்கட் ஹாம்பர்க். கர்நாடகத்தில் குலாபி என்கிறார்கள், கலிபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்கிறார்கள். சாப்பிடும் பழமாக இது பல நாடுகளில் பரவியிருக்கிறது. சிவப்பு ஒயினுக்கென்று இதை வளர்ப்பவர்கள் உலகிலேயே மிகக் குறைவு. இந்தியாவில் இது செறிந்து விளையும் நிலமோ மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள அந்த ஒரு பள்ளத்தாக்கு.

மஸ்கட் ஹாம்பர்க் இயற்கையில் தானாக முளைத்த கொடி அல்ல. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ரெஸ்ட் பார்க் என்னும் பிரபு மாளிகைத் தோட்டத்தில், 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சூவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்து எடுத்த ஒட்டு இரகம் இது. பெற்றோர் இரண்டும் புகழ்பெற்றவை. ஒன்று ஸ்கியாவா குரோசா என்னும் பெரிய கருந்திராட்சை. பிளாக் ஹாம்பர்க் என்ற பெயரும் அதற்கு உண்டு. லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்டு இன்றுவரை காய்த்துக்கொண்டிருக்கும் பெருங்கொடி இந்த இரகம்தான். மற்றொன்று மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா, மத்தியதரைக் கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக விளைந்துவரும் மணமுள்ள வெள்ளைத் திராட்சை. கருமையும் பெருங்கொத்தும் முதலாவதிடமிருந்து வந்தன, மணம் இரண்டாவதிடமிருந்து வந்தது. மரபணுச் சோதனைகளும் இந்தப் பெற்றோரை உறுதிப்படுத்தியிருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு இக்கொடியை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது புவிசார் குறியீட்டை ஒட்டி வந்த செய்திகள் பலவற்றிலும் சொல்லப்படும் வரலாறு. ஐரோப்பியப் பதிவுகளோ மஸ்கட் ஹாம்பர்க் பிறந்த காலத்தையே அதற்குப் பிந்தியதாகக் காட்டுகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பாதிரியார் காலத்தில் வந்தது திராட்சைச் சாகுபடி என்றும், இன்றைய பன்னீர்க் கொடி பின்னால் வந்து சேர்ந்தது என்றும் கொள்வதே பொருந்தும். எப்படியானாலும், பூசைக்குத் திராட்சை மது வேண்டிய கத்தோலிக்கத் துறவிகள் போன இடமெல்லாம் கொடியை நட்டுப் பார்த்தது உலகம் முழுவதும் நடந்த கதை. அந்தக் கதையின் தமிழ்நாட்டுக் கிளை கம்பத்தில் நிலைத்துவிட்டது.

நிலைத்ததற்குக் காரணம் அந்த மண்ணும் மலையும். கடல் மட்டத்திலிருந்து 300, 400 மீட்டர் உயரத்தில், ஒருபுறம் கேரள எல்லையின் ஏலமலை, மறுபுறம் மேகமலை என இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப்புறமே கொட்டித் தீர்ந்துவிடும். இந்தப்புறம் விழுவது சாரல். 1895-ல் கட்டிமுடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அந்த நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது, கிணறுகளையும் ஊற வைக்கிறது. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று திராட்சைப் பந்தல்கள் ஊர் ஊராகத் தொடர்வது இந்தக் காற்றையும் நீரையும் நம்பித்தான்.

இதே தமிழ்நாட்டின் வடகோடியில் உள்ள அரக்கோணம், திருத்தணி வட்டாரத்தை ஒப்பிட்டால் கம்பத்தின் தனித்தன்மை விளங்கும். கத்திரி வெயிலில் மாநிலத்தின் உச்ச வெப்பம் பதிவாகும் ஊர்களில் திருத்தணியும் ஒன்று, 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது அங்கே வழக்கம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை அடைமழையாக இறங்கும். நெல்லும் கரும்பும் மாவும் அந்த நிலத்துக்கு ஏற்றவை. திராட்சைக் கொடிக்கு இரண்டும் பகை: கடும் வெப்பம் தோலின் நிறத்தைக் கெடுக்கும், விடாமழை பூவை அழுக வைக்கும். அரக்கோணம் சந்தைக்கு வரும் பன்னீர் திராட்சை தெற்கிலிருந்து மாநிலத்தின் பாதியைக் கடந்து வரவேண்டியிருப்பது இதனால்தான்.

கொடியின் வாழ்க்கையில் மிகுந்த வியப்புக்குரியது அதன் காலக்கணக்கு. பிரான்சிலோ இத்தாலியிலோ திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், ஆண்டுக்கு ஒரே முறை காய்க்கும். கம்பத்தில் அப்படியொரு குளிர்காலம் இல்லை. கொடி எப்போதும் பச்சையாகவே இருக்கும். அதைக் காய்க்க வைக்க விவசாயி எடுக்கும் கருவி கவாத்துக் கத்தரி. பழம் பறித்தபின் சில வாரம் கொடியை ஓய்வாக விட்டு, பிறகு முதிர்ந்த கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள கண்கள் விழித்துத் துளிர்க்கின்றன, துளிரோடு பூங்கொத்தும் வருகிறது. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டினாலும் ஒரு முறைதான் காய் எடுக்கிறார்கள். ஏப்ரலில் செய்வது கொடியைத் திடப்படுத்தும் கவாத்து, அக்டோபரில் செய்வது காய்க் கவாத்து. கம்பத்தில் மார்கழி, தை மாதங்களில் வெட்டிக் கோடையில் ஒரு போகம், வைகாசி, ஆனியில் வெட்டி ஆவணியை ஒட்டி ஒரு போகம் என்பது நூல்களில் உள்ள முறை. நடைமுறையில் இரண்டு ஆண்டில் ஐந்து போகம் எடுக்கும் தோட்டங்களும் உண்டு. பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வெவ்வேறு வாரங்களில் கவாத்து செய்வதால், பள்ளத்தாக்கில் ஏதோ ஒரு பந்தலில் எப்போதும் பழம் தொங்கும். ஆண்டு முழுவதும் புதுப்பழம் கிடைக்கும் திராட்சை வட்டாரங்கள் உலகில் அதிகம் இல்லை.

எங்கே வெட்டுவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. பன்னீர் இரகத்துக்குக் காய்க்கும் கிளையில் நான்கு கண் விட்டு வெட்ட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. விதையில்லாத தாம்சன் இரகத்துக்கு இதைவிடக் கூடுதல் கண் விட வேண்டும். மெலிந்த கிளையானால் ஒன்றிரண்டு கண்ணில் வெட்டி, காயை மறந்து கிளையைத் தேற்ற வேண்டும். பூவின் கரு கண்ணுக்குள் உருவாவது கவாத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே. அந்த நாட்களில் பந்தலுக்குள் வெயில் புகாமல் மேகமூட்டமாகவே இருந்தால், அடுத்த போகத்தில் இலை மட்டும் செழிக்கும், கொத்து குறையும். நேற்றைய வெயிலில்தான் நாளைய காய் இருக்கிறது என்பதை அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் நன்கு அறிவார்கள்.

கொடிக்குக் கொடி 2 மீட்டர், வரிசைக்கு வரிசை 3 மீட்டர் இடைவெளி விடுகிறார்கள். ஏக்கருக்குச் சுமார் 670 கொடிகள் வரும். கல்தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பி வலை பின்னி, அதன்மேல் கொடியைப் படரவிடுகிறார்கள். ஐரோப்பியத் தோட்டங்களில் இடுப்பளவு உயரத்தில் வேலிபோல் கட்டுவதுதான் பெருவழக்கம். இங்கே பந்தல் இலைகள் கொத்துக்கு நிழல் தருவதால் வெயிலில் பழம் வாடாது. கெடுதலும் அந்த நிழலில்தான் ஒளிந்திருக்கிறது. சாரல் நாட்களில் பந்தலுக்குள் ஈரம் தங்கி அடிச்சாம்பல் நோய் பரவும். துளிரையும் பூங்கொத்தையும் தாக்கினால் ஒரு வாரத்தில் ஒரு போகமே போய்விடும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இதற்கான பழைய மருந்து. 1880-களில் பிரான்சின் போர்டோ வட்டாரத்தில், இதே நோயிலிருந்து ஒயின் திராட்சையைக் காக்கக் கண்டுபிடித்தது அது. சாம்பல் நோய், இலைப்பேன், மாவுப்பூச்சி, வேரைத் தின்னும் நூற்புழு என்று வேறு எதிரிகளும் உண்டு. ஆண்டுக்கு இரண்டுக்கு மேற்பட்ட போகம் எடுக்கும் நிலத்தில் மருந்தடிப்பும் அத்தனை முறை நடக்கும். பன்னீர் திராட்சை பற்றிப் பெருமையாகப் பேசுவோர் இந்தச் செலவையும் சேர்த்தே பேச வேண்டும்.

பழத்தின் உருவம் எளிதில் அடையாளம் தெரியும். கொத்து நடுத்தரம் முதல் பெரிது வரை இருக்கும், நெருக்கம் குறைவு. மணி உருண்டையாகவோ சற்று நீண்டோ இருக்கும். நிறம் ஊதாவும் கருஞ்சிவப்பும் கலந்தது. தோல் சதையை விட்டு எளிதாகக் கழன்று வரும், உள்ளே நிறமற்ற சாறும் கெட்டி விதைகளும். ஒரே கொத்தில் சில மணிகள் கருத்திருக்க, சில மணிகள் பச்சையாகவே நின்றுவிடுவது இந்த இரகத்தின் பிறவிக்குறை. ஐரோப்பாவிலும் இதே புகார் உண்டு. காய் பிடித்த 10, 12 நாளில் கொத்துகளை வளர்ச்சி ஊக்கிக் கரைசலில் நனைத்துச் சீராகப் பழுக்க வைக்கும் முறையை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. இராயப்பன்பட்டியை அடுத்த ஆனைமலையன்பட்டியில் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் வரை விளைச்சல் எதிர்பார்க்கிறார்கள். விதையில்லா இரகங்கள் கொடுப்பதைப்போல் இது இரண்டு மடங்கு.

இந்த இரகத்தின் உயிர் அதன் மணத்தில் இருக்கிறது. மஸ்கட் குடும்பத் திராட்சைகள் எல்லாமே டெர்பீன் என்னும் மணப்பொருள்களை மற்ற இரகங்களைவிடப் பலமடங்கு சேர்த்துவைக்கும். லினலூல், ஜெரானியால், நெரோல், சிட்ரோனெல்லால் ஆகியவை அவற்றில் முதன்மையானவை. ரோஜா எண்ணெயின் மணத்துக்கும் ஜெரானியாலும் சிட்ரோனெல்லாலுமே அடிப்படை. பன்னீர் வாடை அடிக்கிறது என்று பள்ளத்தாக்கு மக்கள் மூக்கால் கண்டுபிடித்ததை வேதியியல் அப்படியே ஒப்புக்கொள்கிறது. இந்த மணத்தில் ஒரு பகுதிதான் பழத்தில் வெளிப்படையாக இருக்கும். மீதி சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் அடங்கிக் கிடக்கும், நொதிக்கும்போது மெல்ல மெல்ல விடுபடும். மணம் மிகுதியாகத் தங்குவது தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும். தோலைத் துப்பிவிட்டுச் சாப்பிடுவோர் பழத்தின் சிறந்த பகுதியை இழக்கிறார்கள்.

ஒயினுக்கு இந்தப் பழம் எப்படி? சிவப்பு ஒயினின் நிறம் தோலிலிருந்து வருகிறது. பழத்தை நசுக்கி, தோலோடும் விதையோடும் சில நாள் நொதிக்க விட்டால் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் சாற்றில் இறங்கும், கூடவே துவர்ப்பும் இறங்கும். பன்னீர் திராட்சையில் இரண்டும் அளவாகவே உள்ளன. 35 டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் கொடி நிறப்பொருளை உண்டாக்குவது மந்தமாகிவிடும் என்பதால் கோடைப் போகத்தில் நிறம் இன்னும் குறையும். எனவே இதிலிருந்து வருவது ஷிராஸ், கேபர்னே சாவிக்னான் போன்ற இரகங்கள் தரும் அடர்ந்த ஒயின் அல்ல. வெளிர்சிவப்பில், துவர்ப்புக் குறைந்து, மணம் முன்னால் நிற்கும் ஒயின் இது.

சர்க்கரைக் கணக்கு அடுத்தது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் உண்டாகும். 18 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் சுமார் 18 கிராம் சர்க்கரை) இனிப்புள்ள பழம் சுமார் 10 சதவீதம் தரும். வழக்கமான ஒயினுக்குரிய 12, 13 சதவீதத்துக்கு 21 பிரிக்சுக்கு மேல் பழுக்க வேண்டும். எடைக்கும் நிறத்துக்கும் விலை கிடைக்கும் சந்தையில் அவ்வளவு நாள் கொத்தைக் கொடியில் விட்டுவைக்க யாருக்கும் மனம் வராது. மழை வந்தால் மணி வெடிக்கும் என்ற அச்சம் வேறு. மழைக்காலப் போகத்தில் இனிப்பு இன்னும் குறையும். பிரான்சின் தரமான ஒயின் வட்டாரங்கள் பலவற்றில் ஒரு ஹெக்டேருக்கு 6, 8 டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதியே உண்டு. 30 டன் சுமக்கும் கொடியிடம் அதே செறிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கம்பத்தில் நல்ல ஒயின் வேண்டுமானால் அதற்கென்று தனித் தோட்டம் ஒதுக்கி, பாதிக் கொத்துகளைப் பிஞ்சிலேயே நீக்கி, கோடைப் போகத்தை மட்டும் முழுமையாகப் பழுக்கவிட வேண்டும். அதற்கு ஈடான விலையை ஆலை தர வேண்டும். இது நடக்காத வரை ஒயின் பேச்சு பேச்சாகவே இருக்கும்.

உலகில் இதே இரகத்தை எங்கே எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் வழி புலப்படும். கலிபோர்னியாவின் குவாடி ஆலை இதிலிருந்து எலீசியம் என்ற இனிப்பு ஒயின் செய்கிறது. நொதிப்பைப் பாதியில் நிறுத்தி, திராட்சைச் சாராயம் சேர்த்து, மீதிச் சர்க்கரையையும் மணத்தையும் காத்துவைக்கும் முறை அது. கிரேக்கத்தின் தெசலி பகுதியிலுள்ள திர்னாவோஸ் நகரில் இந்த இரகத்திலிருந்து சிபுரோ என்னும் வடித்த சாராயம் இறக்குகிறார்கள். தெற்குப் பிரான்சில் வான்டூ மலையடிவாரத்தில் விளையும் இதே பழம் சாப்பிடும் பழமாக 1997-ல் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்றது. மலையடிவாரம், பெயர் பாதுகாப்பு, சாப்பிடும் பழத்துக்கே முதல் மதிப்பு என எல்லாவகையிலும் கம்பத்துக்கு நெருங்கிய உறவு அந்த வான்டூ. இவை எல்லாவற்றிலும் மணத்தைக் காப்பதே நோக்கம். நொதிக்கும் தொட்டியைக் குளிர்ச்சியாக வைப்பது, சில மாதங்களுக்குள் புட்டியில் அடைப்பது, இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிடுவது ஆகியவை மஸ்கட் ஒயினின் பொது விதிகள். வைத்திருக்க வைத்திருக்க லினலூல் சிதைந்து மணம் மங்கிவிடும்.

இந்தியாவில் ஒயின் என்றால் நாசிக் நினைவுக்கு வருவதற்கு 2001-ல் மகாராஷ்டிர அரசு கொண்டுவந்த ஒயின் கொள்கை ஒரு பெரிய காரணம். கர்நாடகத்தில் பெங்களூர் நீலம் என்ற கருந்திராட்சை மலிவான இனிப்பு ஒயினுக்குப் பெருமளவில் போகிறது. அது அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் கலப்பு, அதன் வாடை வேறு. தமிழ்நாட்டில் 1937-ன் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கின் கையில் இருக்கிறது. பன்னீர் திராட்சைக்கு ஒயின் தொழிற்சாலை வேண்டும் என்ற கம்பம் விவசாயிகளின் கோரிக்கை பல தேர்தல்களைப் பார்த்துவிட்டது. விலை சரியும் வாரங்களில் பழத்தை வாங்கிக்கொள்ள ஓரிடம் வேண்டும் என்பதே அதன் உள்ளர்த்தம். ஒயின் மட்டுமே அதற்குத் தீர்வு என்றில்லை. மணம் கெடாமல் பதப்படுத்திய சாற்றுக்கும் ஜாமுக்கும் மது உரிமம் தேவையில்லை. மணமே இல்லாத இரகங்களின் சாற்றைவிடப் பன்னீர் சாறு எத்தனையோ மடங்கு உயர்ந்தது. அப்படிப்பட்ட சாற்றைக் குளிரில் வைத்தால் புட்டியின் அடியில் மணல்போல் ஏதோ படியும். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, கலப்படமல்ல, உடலுக்குக் கெடுதியும் இல்லை.

பழம் இன்று பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் கேரளத்துக்கும் போகிறது. தோல் மெலிவு, காம்பிலிருந்து மணி எளிதில் உதிரும், சில நாளில் வாடிவிடும். கப்பலேற்றி அனுப்பும் பழம் இதுவல்ல. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மகாராஷ்டிரத்திலிருந்து விதையில்லாத் திராட்சை லாரி லாரியாக வரும்போது கம்பத்தின் விலை தடுமாறுகிறது. விதை இருப்பது குறையென்று வாங்குவோர் நினைக்கத் தொடங்கியதுதான் இந்த இரகத்துக்கு வந்த மிகப்பெரிய ஆபத்து. நோயையும் மழையையும் விட இது பெரிது.

புவிசார் குறியீடு, பள்ளத்தாக்குக்கு வெளியே விளைந்த பழத்தைக் கம்பத்தின் பெயரில் விற்பதைச் சட்டப்படி தடுக்கும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் கூடையில் பெயர் அச்சிடாமல், தள்ளுவண்டியில் ‘கருப்புத் திராட்சை’ என்றே விற்கும் வரை அந்தச் சட்டத்தால் விவசாயிக்கு ஒரு ரூபாயும் கூடாது. பெட்டியிலும் கொத்திலும் பெயர் வர வேண்டும், அதைச் செய்ய வேண்டியவர்கள் உழவர் அமைப்புகளும் தோட்டக்கலைத் துறையும்.

வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. திராட்சை பறித்தபின் பழுக்காது, பச்சை மணி உள்ள கொத்து வீட்டில் இனிக்கப்போவதில்லை. மணியின் மேல் வெண்பொடிபோல் படிந்திருப்பது பெரும்பாலும் பழத்தின் சொந்த மெழுகு. கைபடாத புதுப்பழம் என்பதற்கு அது அடையாளம். மருந்தின் எச்சமும் அதோடு இருக்கக்கூடும் என்பதால் சாப்பிடும் முன் ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். முன்கூட்டியே கழுவி வைத்தால் சீக்கிரம் அழுகும். காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு மணியை நசுக்கி முகர்ந்து, ரோஜா மணம் எழுந்தால் வாங்கலாம். கடைக்காரரிடம் கம்பம் பன்னீர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.